வன்னி இருட்டுக்கு ஒரு கமரா

ரொறன்ரோ, இலண்டன், பாரிஸ், ஒஸ்லோ, சூரிச் என்று பல ஊர்களிலும் இருக்கும் வன்னிப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கத்து உறவுகளுக்கு,



உங்களில் யாராவது இடைக்கிடை இங்குள்ள ஓர் அதிபருக்குப் போன் எடுத்து, "பிள்ளைகளுக்கு ஒரு தொலைகாட்டி வாங்கித் தரப்போகிறோம், எது நல்லது?" என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்வி சுற்றிவந்து கடைசியில் என்னிடம் சேரும். கிளிநொச்சியில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். நிலவில்லாத இரவுகளில் பிள்ளைகளைக் கூட்டிப்போய் வானத்தைப் படம் பிடிக்கிற பழக்கமும் உண்டு. போனில் அவசரத்தில் சொல்கிற பதில் போதாது என்று பட்டதால் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன். பெரிய தொலைகாட்டி வாங்காதீர்கள். அந்தக் காசில் ஒரு பழைய கமரா வாங்குங்கள். மிச்சத்தில் பிள்ளைகள் ஓர் இரவு வெளியில் தங்கி வானத்தைப் பார்க்க வழி செய்யுங்கள்.

ஒரு பாடசாலை, பெயர் வேண்டாம். அங்கே ஆய்வுகூட அலுமாரிக்குள் ஒரு தொலைகாட்டி இருக்கிறது. நல்ல சாமான். கையளிப்பு விழா நடந்தது, பொன்னாடை போர்த்தினார்கள், நன்கொடை தந்தவர்களின் பெயர் பொறித்த தகடும் குழாயில் இருக்கிறது. அன்றிரவு பிள்ளைகள் வரிசையில் நின்று சந்திரனைப் பார்த்துப் பூரித்தார்கள். பிறகு ஒருநாள் ஒரு பிள்ளை நெபுலா காட்டச் சொல்லிக் கேட்டாள். பாடப்புத்தகத்திலும் போனிலும் அவள் கண்டிருந்தது சிவப்பும் நீலமுமாய் எரிகிற முகில். வில்லைக்குள் தெரிந்தது சாம்பல் நிற மங்கல் ஒன்று. "இதுவா சேர்?" என்றாள். மற்றப் பிள்ளைகளும் எட்டிப் பார்த்துவிட்டு விலகினார்கள். பிறகு அந்தத் தொலைகாட்டியைக் கேட்டு யாரும் வரவில்லை. இப்போது அதன் கண்ணாடியில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது.

அந்தப் பிள்ளை ஏமாந்ததில் நியாயம் இருக்கிறது. இருட்டில் நமக்குப் பார்வை தருகிற கண்ணின் கோல் கலங்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. வந்த ஒளியைச் சேர்த்து வைக்கவும் கண்ணால் முடியாது. ஒரு செக்கனுக்குள் எவ்வளவு விழுந்ததோ அவ்வளவுதான். உள்ளங்கை அகலக் கண்ணாடி போட்டாலும் நெபுலா கண்ணுக்குச் சாம்பலாகத்தான் தெரியும், மிஞ்சினால் ஒரு பச்சைச் சாயல். கமராவின் உணரியோ உண்டியல் மாதிரி: சில்லறை சில்லறையாக விழுகிற ஒளியைச் சேர்த்து வைத்துக் கடைசியில் மொத்தமாகத் தரும். நெபுலாவின் நிறம் அப்படிச் சேர்த்தால் மட்டுமே கிடைக்கிற நிறம்.

நெபுலாவின் ஒளியை முதலில் இப்படிச் சேர்த்துக் காட்டியவர்களும் பொழுதுபோக்காக வானம் பார்த்தவர்கள்தான். நியூயோர்க்கில் மருத்துவம் படித்த ஹென்றி டிரேப்பர் 1880 செப்டெம்பர் 30ஆம் திகதி ஓரியன் நெபுலாவைப் படம் பிடித்தார். நெபுலா ஒன்றின் முதலாவது ஒளிப்படம் அது. 11 அங்குலத் தொலைகாட்டியில், 51 நிமிடம் தட்டில் ஒளிபடவிட்டு எடுத்தது. இலண்டனில் இருப்பவர்களுக்கு இதற்கு அடுத்த கதை இன்னும் கிட்டடியானது. 1883இல் அதே நெபுலாவை ஆண்ட்ரூ ஐன்ஸ்லி கொமன் என்பவர் 36 அங்குலக் கண்ணாடி கொண்டு எடுத்தார். தொழிலால் அவர் சுகாதாரப் பொறியியலாளர். பகலில் வடிகால் வேலை, இரவில் வானம். எவ்வளவு பெரிய தொலைகாட்டியில் கண் வைத்துப் பார்த்தும் தெரியாத நட்சத்திரங்கள் அவருடைய படத்தில் பதிந்திருந்தன. கண் காணாததைக் கமரா காணும் என்று உலகம் ஒப்புக்கொண்டது அந்தப் படத்தைப் பார்த்துத்தான். இலண்டன் ரோயல் வானியல் கழகம் 1884இல் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. அவர் படம் எடுத்த இடம் ஈலிங்கில் இருந்த தன் வீட்டுத் தோட்டம். கனகதுர்க்கை அம்மன் தேருக்கு நீங்கள் குடும்பமாகப் போய்வருகிற அதே ஈலிங்.

இன்றைக்கு ஈலிங்கில் அந்தப் படத்தை எடுப்பதென்றால் தெருவிளக்குகளின் வெளிச்சத்தை வடிகட்டியே ஆள் களைத்துப்போவார். 2016இல் வெளிவந்த உலக ஒளிமாசு வரைபடம் சொல்கிறபடி, மனிதரில் மூன்றில் ஒரு பங்கினருக்குத் தங்கள் வீட்டிலிருந்து பால்வீதி தெரியாது. உங்கள் பிள்ளைகளில் பலர் அந்தப் பங்கினருக்குள் இருப்பார்கள். ஒட்டுசுட்டானிலும் வவுனிக்குளத்திலும் இருக்கிற பிள்ளைக்கு அது முற்றத்தில் தெரிகிறது. வன்னியில் கல்விக்கு எது குறைவு என்று கணக்கெடுத்தே எங்களுக்குப் பழகிவிட்டது. நிறைவாக இருக்கிற ஒன்றையும் ஒருதரம் கணக்கில் சேர்ப்போம்.

இனி, பிள்ளைகளோடு படம் பிடித்த ஓர் இரவைப் பற்றிச் சொல்கிறேன்.

மாசி மாதம், இரணைமடுப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் மைதானம். மண்டபத்துக்குள் பாய் விரித்தாயிற்று. புட்டும் சம்பலும் முடிந்து, கச்சானும் பிளேன்ரீயும் சுற்றிக்கொண்டிருந்தன. ரோச் லைற்றுகளுக்குச் சிவப்புக் கடதாசி கட்டியிருந்தோம். வெள்ளை வெளிச்சம் ஒருதரம் பட்டால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக அரை மணித்தியாலம் வேண்டும். கமரா, யாரோ பாவித்துக் கழித்த ஒரு கனன். 50 மில்லிமீற்றர் லென்ஸ், முக்காலி, அவ்வளவுதான்.

ஓரியனின் இடுப்பில் வரிசையாக நிற்கிற மூன்று நட்சத்திரங்களை எல்லோரும் காட்டினார்கள். அதற்குக் கீழே தொங்குகிற வாளின் நடுவில்தான் நெபுலா. முதலில் சீரியஸ் நட்சத்திரத்தைத் திரையில் பத்து மடங்கு பெருப்பித்து, அது புள்ளியாகச் சுருங்கும்வரை குவிய வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, பிறகு வளையம் அசையாமல் ரேப் ஒட்டினோம். உணர்திறன் 1600. ஷட்டர் நாலு செக்கன். அதற்கு மேலே போனால் பூமி சுழல்கிற சுழற்சியில் நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். ஒரு செக்கனுக்கு 15 விகலை வானம் நகர்கிறது.

முதல் படம் திரையில் வந்தது. உயர்தரப் பிள்ளை ஒருத்தி குனிந்து பார்த்துவிட்டு, "சேர், லென்சில ஊத்தை" என்றாள். மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே இளஞ்சிவப்பாய் ஒரு பூச்சு. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் லென்சைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தாள். பூச்சு அங்கேயே இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு முக்காலியின் தலையைத் தளர்த்திக் கமராவைச் சற்று இடப்பக்கம் திருப்பி இன்னொன்று எடுத்தாள். லென்சில் இருக்கிற ஊத்தை என்றால் படத்தில் அதே இடத்தில் நிற்கவேண்டும். அது நட்சத்திரங்களோடு சேர்ந்து நகர்ந்திருந்தது. "இது மேல இருக்குது" என்றாள். ஐந்து வருடம் ஆய்வுகூடத்தில் நான் எழுதிப்போட்ட பரிசோதனைக் குறிப்புகளால் முடியாததை அந்த ஒரு திருப்பு செய்தது. யாரும் சொல்லாமல் ஒரு பிள்ளை தானே ஒரு சந்தேகத்தை எழுப்பி, தானே ஒரு சோதனை கட்டி, தானே முடிவுக்கு வந்தாள்.

பிறகு இரவிரவாக அதே நாலு செக்கன் படத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தோம். இருநூறு படம் என்றால் மொத்தம் 800 செக்கன், பதின்மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூட. இலவசமாகக் கிடைக்கிற சிரில், டீப்ஸ்கைஸ்டாக்கர் மாதிரியான மென்பொருள்களில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நெபுலா அப்படியே நிற்கும், படத்தின் இரைச்சல் ஏறத்தாழப் பதினாலில் ஒன்றாகக் குறையும். இருநூறின் வர்க்கமூலம். புள்ளிவிபரவியலில் மனப்பாடம் செய்து மறந்துபோகிற அந்தச் சூத்திரம் மடிகணினித் திரையில் ஒரு முகிலை வெளியே கொண்டுவருவதை அவர்கள் பார்த்தார்கள். ஒளிர்கிற ஐதரசன் வாயு, அதற்குள் புதிதாகப் பிறந்த நட்சத்திரங்கள், அவற்றின் புறஊதாக் கதிர் பட்டு வாயு சிந்துகிற 656 நனோமீற்றர்ச் சிவப்பு. சாதாரணக் கமராவின் உள்வடிகட்டி அந்தச் சிவப்பில் பெரும்பகுதியை வெட்டிவிடும். அப்படியிருந்தும் மிஞ்சியது போதுமாக இருந்தது.

ஓரியன் நெபுலா கிட்டத்தட்ட 1,340 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. கமராவுக்குள் விழுந்த ஒளி அங்கிருந்து புறப்பட்டது ஏழாம் நூற்றாண்டில். சம்பந்தர் திருக்கேதீச்சரத்தைப் பாடிய நூற்றாண்டு அது. இதைச் சொன்னபோது பிள்ளைகளில் ஒருவன் விரல்விட்டு எண்ணத் தொடங்கினான்.

காலத்தைப் பற்றியும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். "டிசெம்பர் விடுமுறையில் வருகிறோம், அப்போது வைப்போம்" என்றுதான் பலரும் கேட்கிறீர்கள். ஓரியன் நள்ளிரவில் உச்சிக்கு வருகிற மாதம் அதுதான், ஆனால் வாடை மழை. குளம் நிரம்பி, வானம் மூடி, மைதானம் சேறாகிக் கிடக்கும். எங்களுக்கு நல்ல காலம் தை பிற்பகுதியிலிருந்து பங்குனி வரை. அதற்குள் ஓர் இரவைத் தெரிவுசெய்யச் சொன்னால் நான் சிவராத்திரியைச் சொல்வேன். அமாவாசைக்கு முந்திய இரவு. விடியப்போகிற நேரத்தில்தான் பிறைக்கீற்று எழும். ஊரே விழித்திருக்கிற இரவு என்பதால் பிள்ளைகளை அனுப்பத் தாய் தகப்பன் தயங்குவதும் குறைவு. இரவு எட்டு மணிவாக்கில் ஓரியன் எங்கள் தலைக்கு மேலே சற்றுத் தெற்காக நிற்கும், அதன் தோளில் சிவனுக்குரிய திருவாதிரை சிவந்து நிற்கும். முதல் சாமப் பூசை முடித்து வந்து கமராவைத் திருப்பலாம். கோயில் ரியூப்லைற்றுகளிலிருந்து ஒரு கிலோமீற்றர் தள்ளி நின்றால் போதும்.

மாசியில் வேறு தொல்லைகள் உண்டு. காலபோக அறுவடை நடக்கும். நெல்லு வெட்டுகிற மெசின்கள் இரவிலும் பெரிய லைற்றோடு வயலுக்குள் ஓடும். குளத்துப் பக்கம் நள்ளிரவுக்குப் பிறகு பனி இறங்கி லென்சை மூடிவிடும். துணி சுற்றி, ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். யானை வருகிற ஊர்களில் கூடாரம் அடிப்பது பற்றிக் கதைக்கவே வேண்டாம், பள்ளிக்கூட மண்டபம்தான் முகாம். காட்டுக்குள் இருட்டு இன்னும் நல்லது என்று ஆசைப்பட்டு அறியாத நிலத்துக்குள் பிள்ளைகளைக் கூட்டிப்போகக்கூடாது. மிதிவெடி அகற்றும் வேலை வன்னியில் நெடுங்காலம் நடந்தது என்பதை உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அதிபரின் அனுமதி, கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் முன்கூட்டி அறிவிப்பு, பெற்றோரின் கையெழுத்து, பெண்பிள்ளைகளோடு தங்க இரண்டு ஆசிரியைகள். இவை இல்லாமல் ஓர் இரவும் நடக்காது. உங்கள் காசு உண்மையில் தேவைப்படுவது இங்கேதான்: ஒரு பஸ், சாப்பாடு, துணைக்கு வருகிற ஆசிரியைகளுக்கு ஒரு சின்னக் கொடுப்பனவு. இவற்றில் தகடு ஒட்ட இடமில்லை என்பது தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

நாலு செக்கனைத் தாண்டி ஒரு நிமிடம் ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டுமென்றால் கமரா வானத்தோடு சேர்ந்து திரும்பவேண்டும். அதற்கு விற்கிற கருவி விலை கூடியது. அதையும் வாங்கி அனுப்பவேண்டாம். இரண்டு பலகை, ஒரு கதவுப் பிணைச்சல், ஒரு நீட்டுத் திருகாணி போதும். ஆறு மில்லிமீற்றர்த் திருகாணியில் ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீற்றர் ஏறும். நட்சத்திரங்களைப் பொறுத்தமட்டில் பூமி ஒரு சுற்றுச் சுற்ற எடுப்பது 1,436 நிமிடம். அதை இரண்டு பையால் பிரித்தால் 228.5 வரும். பிணைச்சலின் அச்சிலிருந்து 228.5 மில்லிமீற்றர் தள்ளித் துளை போட்டு, திருகாணியை நிமிடத்துக்கு ஒரு சுற்றுத் திருப்பினால் மேல்பலகை வானத்தின் வேகத்தில் எழும்பும். கையால் திருப்பலாம், மணிக்கூட்டின் செக்கன் முள்ளைப் பார்த்துக்கொண்டு. கிளிநொச்சித் தச்சுப்பட்டறையில் செய்வித்த பலகையில் நாங்கள் செய்துகொண்டிருப்பது இதைத்தான். அறிவியல்நகர்ப் பொறியியல் பீடத்துப் பிள்ளைகள் கை கொடுத்தால் அதற்கு ஒரு சின்ன மோட்டரும் பூட்டலாம். உங்கள் சங்கங்களில் அந்தப் பீடத்தோடு தொடர்புள்ளவர்கள் கதைத்துப் பாருங்கள். வவுனியாப் பல்கலைக்கழகமும் 2021இலிருந்து தனிப் பல்கலைக்கழகமாக நிற்கிறது, வவுனியா வடக்குப் பள்ளிக்கூடங்களுக்கு அது கிட்ட.

இந்தப் பலகைக்கு ஒரு நிபந்தனை: பிணைச்சலின் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்க்கவேண்டும். ஒஸ்லோவில் அது அறுபது பாகை உயரத்தில் நிற்கும், ரொறன்ரோவில் நாற்பத்துநாலு. எங்களுக்கு ஒன்பது பாகை, பனைமரத் தலைப்புக்குள் மறைந்துபோகும். வடக்கு வெளித்த இடமாகத் தேடவேண்டும், இல்லாவிட்டால் போனிலுள்ள திசைகாட்டியையும் சாய்வுமானியையும் நம்பவேண்டும். ஆனால் வடக்கில் இழந்ததைத் தெற்கில் எடுத்துக்கொள்கிறோம். 2022 ஜூலை 12ஆம் திகதி வெப் விண்தொலைகாட்டியின் முதல் படங்கள் வெளிவந்தபோது, மலைமுகடு மாதிரி எழும்பி நின்ற ஒரு முகிற்படத்தை நீங்களும் பகிர்ந்திருப்பீர்கள். அது கரினா நெபுலாவின் ஓர் ஓரம். ஏறத்தாழ 7,500 ஒளியாண்டு தூரம். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் ஒஸ்லோவிலும் அது ஒருநாளும் அடிவானத்துக்கு மேலே வருவதில்லை. சித்திரை நடுப்பகுதியில் இரவு ஒன்பது மணியளவில் இரணைமடுக் குளக்கட்டில் நின்று தெற்கே தண்ணீருக்கு மேலே பார்த்தால் இருபது பாகை உயரத்தில் வெறும் கண்ணுக்கே மங்கலாகத் தெரியும். நெபுலாவுக்குள் இருக்கும் ஈற்றா கரினா நட்சத்திரம் 1843இல் வெடித்துப் பொங்கி, சீரியசுக்கு அடுத்தபடி வானத்தின் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரமாகக் கொஞ்சக் காலம் நின்றது. அப்போது வன்னியில் வயற்காவலுக்குப் பரணில் இருந்தவர்கள் யாராவது அதைக் கண்டிருப்பார்கள். எழுதி வைத்தவர் இல்லை. இனி எழுதி வைக்கவும் படம் பிடிக்கவும் இங்கே ஆள் இருக்கவேண்டும் என்பதுதான் என் ஆசை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், சொல்லத் தயக்கமாகவும் இருக்கிறது. இருட்டு நல்லது என்று வன்னியில் ஒருவர் எழுதினால் உங்களில் பலருக்கு நெஞ்சு இறுகும். ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் நீங்கள். ரோச் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த போர்க்காலம் அது. இரவு வானத்தில் வெளிச்சம் என்றால் பரா லைற் எனும் வெளிச்சக் குண்டு, சத்தம் என்றால் வண்டு எனும் வேவு விமானம். மேலே பார்ப்பதே பயமாக இருந்தது. அந்த இருட்டை யாரும் திரும்பக் கேட்கவில்லை, மின்சாரம் ஒவ்வொரு வீட்டுக்கும் வரவேண்டும். ஆனால் 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது உயர்தர வகுப்புக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் பயமில்லாமல் மேலே பார்க்கிறார்கள். 2019 டிசெம்பர் 26ஆம் திகதி வளையச் சூரியகிரகணத்தின் பாதை கிளிநொச்சிக்கு மேலாகப் போனபோது, கறுப்புக் கண்ணாடியோடு வானத்தைப் பார்த்து நின்ற சின்னப் பிள்ளைகள் இவர்கள்தான்.

ஆகவே விளக்குகள் பற்றி ஒரு வேண்டுகோள். உங்கள் பணத்தில் ஊர்ச் சந்திகளிலும் கோயில் வீதிகளிலும் சூரியமின் தெருவிளக்குகள் நாட்டுகிறீர்கள். நாட்டுங்கள், பெண்பிள்ளைகள் ரியூசன் முடிந்து வருகிற வழி வெளிச்சமாக இருக்கவேண்டும். விளக்கின் முகம் நேரே கீழே பார்க்கட்டும், மேலே மூடி இருக்கட்டும், நீலவெள்ளை பல்ப்புக்குப் பதிலாக 3,000 கெல்வினுக்குக் குறைந்த மஞ்சள் சாயல் பல்ப் போடுங்கள். வழிக்கு அதே வெளிச்சம் கிடைக்கும், வானமும் தப்பும். ஓடர் கொடுக்கிற கடிதத்தில் இரண்டு வரி சேர்த்தால் முடிகிற வேலை.

ஏற்கெனவே அனுப்பிய தொலைகாட்டிகளை வீண் என்று சொல்லவில்லை. சனியின் வளையத்தையும் வியாழனின் நாலு பெரிய சந்திரன்களையும் நேரில் காண அவைதான் வேண்டும். எந்தப் பாடசாலைக்குக் கொடுத்தீர்களோ அந்த அதிபருக்குப் போன் எடுத்து, கடைசியாக எப்போது வெளியே எடுத்தார்கள் என்று கேளுங்கள். பூஞ்சணம் துடைக்க வேண்டுமென்றால் என்னிடம் அனுப்பச் சொல்லுங்கள்.

புதிதாக அனுப்ப நினைப்பவர்கள் உங்கள் வீட்டு அலுமாரியைத் திறந்து பாருங்கள். போனில் படமெடுக்கத் தொடங்கிய பிறகு கைவிட்ட கமரா ஒன்று அநேகமாக இருக்கும். கனனோ நிக்கோனோ பரவாயில்லை, லென்ஸ் கழற்றக்கூடியதாகவும் ஷட்டர் நேரத்தைக் கையால் வைக்கக்கூடியதாகவும் இருந்தால் சரி. 50 மில்லிமீற்றர் லென்ஸ், ஷட்டரைத் தொடாமல் அழுத்துகிற ரிமோட், இரண்டு பற்றரி. லென்ஸ் மூடியையும் மறக்காமல் வையுங்கள்: படம் எடுத்து முடிந்ததும் லென்சை மூடிக்கொண்டு அதே நாலு செக்கனில் இருபது முப்பது கறுப்புப் படம் எடுத்தால்தான் உணரியின் சொந்த இரைச்சலைக் கழிக்கமுடியும். சித்திரை விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்கள் தபாலில் போடாமல் கையோடு கொண்டுவாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள். அமாவாசையை ஒட்டிய நாளாகப் பார்த்துச் சொன்னால் இரணைமடுக் கட்டில் நிற்க அனுமதி எடுத்து வைப்பேன். பின்னேர இடிமழை வந்தால் அடுத்த இரவு.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து ஒரு பௌதிகவியல் ஆசிரியர்